ஒரே ஸ்லைடு, இரண்டு ரிப்போர்ட்: பாப் ஸ்மியர் பார்க்கும் நிபுணர்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள்?

கேள்வி இதுதான். அக்காவுக்கு 44 வயது. வழக்கமான பரிசோதனையாக எடுத்த பாப் ஸ்மியரில் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சோதனை) ‘ஆஸ்கஸ்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் பயந்துபோய், அதே ஸ்லைடை லேபில் கேட்டு வாங்கி வேறொரு நிபுணரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் ‘நெகட்டிவ்’ என்று எழுதிவிட்டார். மகளிர் மருத்துவரோ, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிவி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். இரண்டு பேரில் யார் சொன்னது சரி? மூன்றாவதாக ஒருவரிடம் காட்டலாமா? படித்தவர்களே ஆளுக்கொன்று சொன்னால் எதை நம்புவது?

முதலில் நேரடியான பதில். மூன்றாவது நிபுணரிடம் ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். டாக்டர் சொன்ன எச்பிவி டெஸ்டை எடுத்துவிடுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை தெரியாது என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஸ்லைடு பார்ப்பதே என் பிழைப்பு என்பதால், தொழிலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று தோன்றலாம். அதனால் கணக்கோடு சொல்கிறேன். அந்தக் கணக்கு எங்களுக்கு அப்படியொன்றும் பெருமை சேர்ப்பதாக இல்லை.

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ‘ஆல்ட்ஸ்’ என்ற பெரிய ஆய்வைத் தொடங்கியது. பர்மிங்ஹாம், ஓக்லஹோமா சிட்டி, பிட்ஸ்பர்க், சியாட்டில் என்று நான்கு ஊர்களில் மையங்கள். ஸ்மியரில் ஆஸ்கஸ் அல்லது எல்சில் என்று வந்த 5,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். ஆஸ்கஸ் என்றால் ‘இயல்பாக இல்லை, ஆனால் இன்னதென்று அறுதியிட முடியவில்லை’ என்று அர்த்தம். எல்சில் என்பது லேசான மாற்றம், பெரும்பாலும் எச்பிவி தொற்றின் தடம். ஹெச்சில் என்பது கவனிக்காமல் விட்டால் புற்றுநோயில் போய் முடியக்கூடிய மாற்றம். ஸ்லைடுகளை முதலில் அந்தந்த மையத்தின் பேத்தாலஜிஸ்டுகள், அதாவது ஸ்லைடு பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்கள், பார்த்தார்கள். பிறகு தரக்கட்டுப்பாட்டுக் குழு ஒன்று தனியாகப் பார்த்தது. இரண்டு பக்கமும் கைதேர்ந்தவர்கள். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம், தங்கள் ரிப்போர்ட் மறுபடி பார்க்கப்படும் என்று தெரிந்தே வேலை செய்தவர்கள்.

அதன் முடிவை மார்க் ஸ்டோலரும் மார்க் ஷிஃப்மனும் 2001-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 4,948 சைட்டாலஜி ஸ்லைடுகள், அதாவது ஸ்மியர் போலச் செல்களைப் பார்க்கும் ஸ்லைடுகள். அவற்றில் மையங்கள் ஆஸ்கஸ் என்று எழுதியவை 1,473. தரக்கட்டுப்பாட்டுக் குழுவும் ‘ஆமாம், ஆஸ்கஸ்தான்’ என்றது அவற்றில் 43 சதவீதத்துக்கு மட்டும். மீதியில் பெரும்பகுதியை அவர்கள் ஒரு படி இறக்கினார்கள். அதாவது உங்கள் அக்காவின் ஸ்லைடுக்கு நடந்தது, அமெரிக்காவில் நல்ல வசதியோடு, நல்ல ஆட்களை வைத்து நடத்திய ஆய்விலும் சர்வசாதாரணமாக நடந்திருக்கிறது.

ஒத்துப்போவதை அளக்க இத்துறையில் ‘கப்பா’ என்றொரு எண்ணைப் பயன்படுத்துகிறோம். ஜேக்கப் கோஹன் 1960-ல் கொண்டுவந்தது. முழு ஒற்றுமை என்றால் 1. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய ஒற்றுமை மட்டுமே இருந்தால் 0. ஆல்ட்ஸில் சைட்டாலஜிக்குக் கிடைத்த கப்பா 0.46.

வெறும் சதவீதம் போதாதா, எதற்கு இப்படிச் சுற்றிவளைக்க வேண்டும் என்று கேட்கலாம். நூறு ஸ்லைடு எடுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தை ‘மாற்றம் உண்டு’ என்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரரும் பத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் இருவரும் சேர்ந்து சுட்டியது ஐந்தே ஐந்து. என் ஐந்து அவருக்கு நெகட்டிவ், அவருடைய ஐந்து எனக்கு நெகட்டிவ். மீதி 85-ல் இருவருக்கும் சண்டையே இல்லை. ஆக நூற்றுக்குத் தொண்ணூறு ஒற்றுமை! எந்த ஆண்டறிக்கையிலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மாற்றம் உள்ளதாக நான் சொன்ன பத்துப் பெண்களின் பக்கம் நின்று பாருங்கள். பாதிப் பேருக்கு அடுத்த அறையில் வேறு ரிப்போர்ட். நெகட்டிவ்தான் அதிகம் என்பதால், ஆளுக்குப் பத்து ஸ்லைடைக் குருட்டாம்போக்கில் எடுத்து வைத்தாலே 82 ஒத்துப்போகும். அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் கப்பா 0.44 வருகிறது. ஆல்ட்ஸ் எண்ணுக்கு மிக அருகில்.

இந்த 0.41 முதல் 0.60 வரை உள்ளதை ‘மிதமான ஒற்றுமை’ என்று புத்தகங்கள் சொல்லும். லாண்டிஸ், கோக் என்ற இருவர் 1977-ல் போட்ட பட்டியல் அது. எல்லைகள் தங்கள் வசதிக்குப் போட்டவை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் வந்தவர்கள்தான் அதை வேதவாக்காக்கிவிட்டார்கள்.

சரி, எங்கே பிசகுகிறது? எல்லா இடத்திலும் இல்லை. தெளிவான புற்றுநோய்ச் செல்களை நல்ல ஸ்லைடில் காட்டினால் பெரும்பாலும் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். பழுதே இல்லாத ஸ்லைடிலும் அப்படித்தான். மாங்காயைக் காட்டினால் காய் என்பார்கள், பழத்தைக் காட்டினால் பழம் என்பார்கள். செங்காயைக் காட்டினால்தான் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு அபிப்பிராயம். ஆஸ்கஸ் என்பது அந்தச் செங்காய்ப் பருவத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் போகும் ஒரு செல்லைக் கிட்டத்தில் பார்ப்போம். கருப்பை வாயின் மேல்பரப்பிலிருந்து வரும் சாதாரண இடைநிலைச் செல் ஒன்று, விரித்துப் போட்ட மெல்லிய துணி மாதிரி, இளநீலமாகவோ வெளிர் ரோஸாகவோ சாயம் ஏறிக் கிடக்கும். நடுவில் உட்கரு. அதன் பரப்பு ஏறக்குறைய 35 சதுர மைக்ரான். எங்களுக்கு அதுதான் அளவுகோல். சந்தேகப்படும் செல்லின் உட்கரு அதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக இருந்து, கொஞ்சம் கருத்தும் இருந்தால் ஆஸ்கஸ். மூன்று மடங்கைத் தாண்டி, விளிம்பு கோணலாகி, உட்கருவைச் சுற்றி வெட்டி எடுத்தாற்போல் தெளிவான வெள்ளை வளையமும் இருந்தால் எல்சில். யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. பக்கத்தில் கிடக்கும் சாதாரண செல்லோடு கண்ணாலேயே ஒப்பிடுகிறோம். இரண்டே முக்காலா, மூன்றே காலா என்று கண்ணளவில் சொல்லி, அந்த ஒரு வார்த்தையை ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

இதில் ஸ்லைடு தயாரித்த விதமும் விளையாடும். மர ஸ்பாச்சுலாவால் எடுத்ததைக் கண்ணாடியில் தேய்த்த உடனே ஆல்கஹாலில் போட வேண்டும். நர்ஸ் அடுத்த வேலையைக் கவனிக்கப் போய் ஒரு நிமிடம் தாமதமானாலும் செல் காற்றில் காய்ந்து பரந்துவிடும்; உட்கருவும் கூடவே பெருத்துத் தெரியும். நோயே இல்லாமல் ‘இரண்டரை மடங்கு’ வந்துவிடும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் செல்கள் சிறுத்து, உட்கரு பெரிதாகத் தெரிவது இயல்பு. டிரைக்கோமோனாஸ் தொற்று இருந்தால் உட்கருவைச் சுற்றி மெல்லிய வளையம் வரும். கிளைக்கோஜன் நிரம்பிய செல்லிலும் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். அனுபவம் உள்ளவர் இவற்றையெல்லாம் கழித்துத்தான் பார்ப்பார். ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது அவரவர் பயின்ற இடத்தையும், அதற்கு முன் அவர் கையில் சிக்கித் தப்பிய ஸ்லைடுகளையும் பொறுத்தது. பல கண்கள் ஒரே நேரத்தில் பார்க்கும் மல்டிஹெட் மைக்ரோஸ்கோப்பில் நான்கு பேர் உட்கார்ந்தால் இது நன்றாகத் தெரியும். அம்புக்குறியை ஒரு செல்லின் மேல் வைத்ததும் ஒருவர் ‘எல்சில்’ என்பார், இன்னொருவர் ‘காய்ந்திருக்கு சார், விடுங்க’ என்பார். மூத்தவர் ஏதாவது ஒன்றைச் சொன்னதும் மற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்வதும் நடக்கும். அதனால்தான் ஒற்றுமையை அளக்கும் ஆய்வுகளில் தனித்தனியாக உட்கார வைத்துத்தான் கேட்பார்கள்.

மேலே சொன்னது ஒரு வகைப் பிசகு: செல்லைப் பார்த்தாயிற்று, பெயர் வைப்பதில்தான் தகராறு. இன்னும் இரண்டு வகை உண்டு. ஸ்லைடில் செல் இருக்கிறது, பார்ப்பவர் கண்ணில் படவே இல்லை. ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்கள். அவற்றில் பத்துப் பன்னிரண்டு சின்ன ஹெச்சில் செல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால் தவறவிடுவது எளிது. மூன்றாவது, கெட்ட செல் ஸ்லைடுக்கே வந்து சேரவில்லை, எடுக்கும்போதே விட்டுப்போனது. இதை எந்த நிபுணராலும் சரிசெய்ய முடியாது. ஸ்மியர் தவறவிட்டதாகச் சொல்லப்படும் சம்பவங்களில் இந்த மூன்றாவது வகைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் திட்டு மட்டும் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவருக்கு.

‘சைட்டாலஜி அப்படித்தான், பயாப்ஸி எடுத்தால் தெளிவாகிவிடும்’ என்று டாக்டர்களே சொல்வதுண்டு. ஆல்ட்ஸ் அதையும் அளந்தது. பயாப்ஸிக்குக் கப்பா 0.46. அதாவது ஸ்மியர் அளவுக்கேதான்! மின்வளையத்தால் வெட்டி எடுத்த பெரிய திசுத் துண்டுக்கு 0.49. இதற்கு முன்பே, 1989-ல், பிரிட்டனில் அனுபவம் மிக்க எட்டு பேத்தாலஜிஸ்டுகளிடம் 100 பயாப்ஸிகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். திசுவுக்குள் ஊடுருவிவிட்ட புற்றுநோயில் ஒற்றுமை பிரமாதம். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைத் திசுவில் ‘சின்’ என்போம்; 1 லேசானது, 3 கடுமையானது. சின் 3-ல் பரவாயில்லை. சின் 1, சின் 2 இரண்டிலும் மோசம். ஓரங்களில் ஒற்றுமை, நடுவில் குழப்பம் என்ற அதே படம். இயற்கை படிப்படியாகப் போவதில் நாம் கோடு போட்டுப் பிரிக்கிறோம். கோட்டின் மேல் நிற்கிறவர்கள் எந்தப் பக்கமும் விழலாம்.

கோடு எங்கே போடுவது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பாப் ஸ்மியருக்குப் பெயர் தந்த ஜார்ஜ் பாபனிகோலாவ் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு வைத்தார். இரண்டும் மூன்றும் லேபுக்கு லேப் வேறு பொருள் கொண்டன. அப்புறம் அதே மாற்றங்களுக்கு டிஸ்பிளேசியா என்ற பெயர் வந்தது, சின் வந்தது. 1987-ல் வால்ட் போக்டானிச் என்ற பத்திரிகையாளர், அமெரிக்க லேப்கள் சிலவற்றில் ஸ்லைடு எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்துக் கண்மூடித்தனமாகப் படிக்க வைப்பதை வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் அம்பலப்படுத்தினார். அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாட்டுக்கு 1988-ல் ஒரு சட்டம் கிடைத்தது. 24 மணி நேரத்தில் ஒருவர் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக்கூடாது, நெகட்டிவ் என்று வந்தவற்றில் குறைந்தது 10 சதவீதத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதன்கீழ் வந்த விதி. அதே 1988 டிசம்பரில் அமெரிக்காவின் பெதஸ்தா என்ற ஊரில் நிபுணர்கள் கூடி இன்றைய ரிப்போர்ட் மொழியை வகுத்தார்கள். 1991, 2001, 2014 என்று திருத்தியும் வந்திருக்கிறார்கள். ஒரே மொழி வந்தது பெரிய லாபம். ஆனால் ‘அறுதியிட முடியவில்லை’ என்பதற்கும் அதிகாரபூர்வமாக ஒரு பெட்டி கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டால் அது நேர்மையான பெட்டிதான். அளவுக்கு மீறி அதற்குள் தள்ளுவதுதான் பிரச்சினை. அதனால் நல்ல லேப்கள் ஆஸ்கஸ் எண்ணிக்கையை எல்சில், ஹெச்சில் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மூன்று மடங்கைத் தாண்டினால், யாரோ முடிவெடுக்கப் பயப்படுகிறார் என்று பொருள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அயர்லாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிபுணர்கள் ஒத்துப்போகாததை ஒரு நாடே வீதியில் நின்று விவாதித்தது அங்கேதான். விக்கி ஃபீலன் என்ற பெண்ணுக்கு 2011-ல் எடுத்த ஸ்மியரை நெகட்டிவ் என்றார்கள். 2014-ல் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு நடந்த தணிக்கையில் பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தபோது அது நெகட்டிவ் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அந்தச் செய்தி வெகுகாலம் அவரிடம் சொல்லப்படவே இல்லை. 2018 ஏப்ரலில் ஸ்லைடைப் படித்த அமெரிக்க லேப் 25 லட்சம் யூரோ கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள, வாய்மூடி இருக்க ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்ற வாசலிலேயே அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவரைப் போல 221 பெண்கள் இருப்பது பிறகு வெளியே வந்தது. 2022-ல் அவர் இறந்தார்.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் நியாயம் புரியும். சொல்லாமல் மறைத்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது; கேப்ரியல் ஸ்கேலி 2018 செப்டம்பரில் கொடுத்த விசாரணை அறிக்கையும் அதைக் கடுமையாகவே சொன்னது. ஆனால் ‘மறுபடி பார்த்தபோது வேறாகத் தெரிந்தது’ என்பதை மட்டும் வைத்து முதல் ஆள் அலட்சியமாக இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது. பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவ ராயல் கல்லூரி அமைத்த குழுவின் நிபுணர்கள் பிறகு 1,038 பெண்களின் ஸ்லைடுகளை மறுபடி பார்த்தார்கள். 308 பேருக்கு முதல் ரிப்போர்ட்டிலிருந்து மாறுபட்ட முடிவு வந்தது. இவர்கள் எல்லோரும் பிறகு புற்றுநோய் வந்தவர்கள் என்று தெரிந்துகொண்டே பார்க்கும் கண்ணுக்கும், காலையில் வந்த ஸ்லைடுகளில் இதுவும் ஒன்று என்று பார்த்த கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. புதையல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தோண்டச் சொன்னால் யாரும் ஆழமாகத் தோண்டுவார்கள். நியாயமாக அளக்க வேண்டுமானால், அந்த ஸ்லைடுகளைச் சாதாரண ஸ்லைடுகளோடு கலந்து, எது எவருடையது என்று தெரியாமல், பல பேரிடம் கொடுத்து, எத்தனை பேர் அந்தச் செல்லைப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் பிடித்ததை முதல் ஆள் விட்டிருந்தால் அது தவறு. பத்தில் நான்கு பேர் பிடித்ததை விட்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

அங்கே நீதிமன்றமும் இதில் தலையிட்டது. தன் ஸ்மியரைத் தவறாகப் படித்தார்கள் என்று ரூத் மாரிஸி என்ற பெண் போட்ட வழக்கில் 2019-ல் உயர் நீதிமன்றமும் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொன்னதன் சாரம்: சந்தேகம் இருக்கும்போது ஸ்லைடை நெகட்டிவ் என்று அனுப்பக்கூடாது, முழு நம்பிக்கை இருந்தால்தான் அனுப்ப வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்லைடு பார்ப்பவர் இடத்திலிருந்து யோசித்தால், சந்தேகம் வந்த எல்லாவற்றையும் ஆஸ்கஸ் என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளத்தான் தோன்றும். அப்படி எழுதினால் தவறவிடுவது கொஞ்சம் குறையும். தேவையில்லாமல் பயந்து அலைகிற பெண்கள் பெருகுவார்கள். நிபுணர்களுக்கிடையே ஒற்றுமை இன்னும் கெடும்.

இப்போது உங்கள் டாக்டர் சொன்ன எச்பிவி டெஸ்டுக்கு வருகிறேன். ஆல்ட்ஸ் நடந்ததே ஆஸ்கஸை என்ன செய்வது என்று கண்டுபிடிக்கத்தான். ஆஸ்கஸ் வந்த பெண்களுக்கு எச்பிவி டெஸ்ட் எடுத்தபோது, சின் 3 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் சுமார் 96 சதவீதத்தினரை அது பிடித்தது. அதற்காகக் கால்போஸ்கோபிக்கு (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) அனுப்ப வேண்டியிருந்தது ஏறக்குறைய பாதிப் பேரை; மீதிப் பேரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு தரப்பும் ஆஸ்கஸ் என்று ஒத்துக்கொண்ட ஸ்லைடுகளைவிட, இரண்டாவது தரப்பு நெகட்டிவ் என்று இறக்கிய ஸ்லைடுகளில் எச்பிவி இருப்பது குறைவு. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. உங்கள் விஷயத்தில் இதற்கு அர்த்தம்: இரண்டாவது நிபுணர் நெகட்டிவ் என்றது நல்ல சகுனம்தான், ஆனால் அதை வைத்து முதல் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட முடியாது. மூன்றாவது ஆளிடம் போனாலும் அதே கண், அதே கோடு, அதே செங்காய். வேறு விதமான சாட்சி வேண்டும். எச்பிவி டெஸ்டில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று இயந்திரம் சொல்கிறது. ஒரு லேபுக்கும் இன்னொரு லேபுக்கும் ஒற்றுமை சைட்டாலஜியைவிட வெகு அதிகம்.

அதனால்தான் நாடுகள் ஒவ்வொன்றாக எச்பிவியை முதல் டெஸ்டாக மாற்றிக்கொண்டன. நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2017-ல், அயர்லாந்து 2020-ல். உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் அதையே சிபாரிசு செய்தது. நம் பக்கத்திலும் இதற்கு ஆதாரம் உண்டு. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்பிவி டெஸ்ட் எடுத்த பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாப் ஸ்மியர் எடுத்த பிரிவில் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையை நர்ஸுகளிடம் கொடுத்து நடத்திய ஆய்வில், 2007-ல் வெளியான கணக்குப்படி இறப்பு 35 சதவீதம் குறைந்தது. நல்ல பலன். ஆனால் வெள்ளைத் திட்டு தெரிகிறதா, இல்லையா என்று முடிவெடுப்பதும் கண்தானே. பயிற்சியையும் மேற்பார்வையையும் விட்டுவிட்டால் ஆளுக்கொரு பதில் அங்கேயும் வந்துவிடும்.

எச்பிவி வந்துவிட்டதால் எங்கள் வேலை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பாசிட்டிவ் வந்தவர்களில் யாருக்கு அவசரம் என்று பார்க்கப் பல நாடுகளில் மறுபடி சைட்டாலஜிக்குத்தான் வருகிறார்கள். இப்போது ஸ்லைடு பார்ப்பவருக்கு ‘இவர் எச்பிவி பாசிட்டிவ்’ என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்தால் கை தானாக ஒரு படி மேலே எழுதும். நெகட்டிவ் என்று தெரிந்தால் அலட்சியம் வரும். கணினியும் செயற்கை நுண்ணறிவும் வந்து தீர்த்துவிடும் என்கிறார்கள். அந்த மென்பொருளுக்கு எது எல்சில், எது ஆஸ்கஸ் என்று கற்றுக்கொடுப்பது 0.46 வாங்கிய நாங்கள்தான். இங்கிலாந்தில் இயந்திரத் துணையோடு ஸ்லைடு பார்ப்பதைச் சோதித்த மேவரிக் ஆய்வு 2011-ல் வந்தது. மனிதர் மட்டும் பார்த்ததைவிட அது சற்றுக் குறைவாகத்தான் பிடித்தது. தொழில்நுட்பம் அதன்பின் வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை.

இனி அக்காவுக்குச் செய்ய வேண்டியது. எச்பிவி நெகட்டிவ் என்று வந்தால், ஆஸ்கஸ் என்ற வார்த்தையை மறந்துவிட்டு, வழக்கமாக மூன்று ஆண்டு கழித்து அடுத்த பரிசோதனைக்குப் போனால் போதும். இடையில் உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தம் என்று ஏதாவது வந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது. கையில் எந்த ரிப்போர்ட் இருந்தாலும் சரி. பாசிட்டிவ் என்று வந்தால் கால்போஸ்கோபி செய்வார்கள். அதுவும் புற்றுநோய் என்று பொருள் இல்லை. இந்தத் தொற்று வந்துபோகிற பெண்கள் ஏராளம். இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் கொடுங்கள். ‘நல்ல’ ரிப்போர்ட்டை மட்டும் காட்டிவிட்டு மற்றதை பீரோவில் வைக்காதீர்கள். ஸ்லைடை லேபிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். கால்போஸ்கோபியில் பயாப்ஸி எடுத்து, அதில் சின் 2 என்று வந்தால், கர்ப்பப்பையை எடுப்பது போன்ற பேச்சு வருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பி16 சாயம் போட்டுப் பார்த்தார்களா? திசுவில் எச்பிவி உண்மையிலேயே வேலையைக் காட்டத் தொடங்கிய இடத்தை அது பட்டையாகப் பழுப்பு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். நடுவில் கிடக்கும் சின் 2 போன்றவற்றில் பேத்தாலஜிஸ்டுகளின் சண்டையை அது கணிசமாகக் குறைத்திருக்கிறது. 2012-ல் அமெரிக்காவின் பேத்தாலஜிஸ்டுகள் அமைப்பும் கால்போஸ்கோபி அமைப்பும் சேர்ந்து வகுத்த விதிமுறையும் சின் 2 என்று சந்தேகம் வந்தால் அதைப் போடத்தான் சொல்கிறது. அந்த பயாப்ஸிக்கு மட்டும் இரண்டாவது நிபுணரின் கருத்தைத் தாராளமாகக் கேளுங்கள். அப்போது ஸ்லைடோடு பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி) சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள். பி16 போடாமல் விட்டிருந்தால் அவர் அதிலிருந்து வெட்டிப் போட்டுக்கொள்வார்.